இறந்த அரசியின் நாணயம்: மரியா தெரேசா தாலரும் மீளடிப்பின் பெறுமதியும்

நாணயம் பொய் சொல்லாது என்பது வரலாற்று மாணவன் முதலாண்டிலேயே மனத்திற் கொள்ளும் எண்ணங்களுள் ஒன்றாகும். ஏட்டை எழுதியவன் தன் காலத்துக்கேற்பக் கூட்டியுங் குறைத்தும் எழுதியிருக்கலாம். மெய்க்கீர்த்தி அரசனைப் புகழ்வதற்கென்றே எழுந்தது. நாணயமோ வெளியிட்டோன் பெயரையும் ஆண்டையும் தன் முகத்திலேயே தாங்கி நிற்பது, ஆதலின் அதனை நம்பலாம் எனக் கருதுகின்றோம். இந்நம்பிக்கையை அசைக்கும் வெள்ளி நாணயம் ஒன்று உண்டு. அதிற் 1780 என்னும் ஆண்டு தெளிவாகப் பொறிக்கப்பட்டுள்ளது. ஆயின் அது 1780 இலும் அடிக்கப்பட்டது. 1867 இலும் அடிக்கப்பட்டது. 1936 இல் இலண்டனிலும் 1941 இற் பம்பாயிலும் அடிக்கப்பட்டது. வியன்னாவில் இன்றும் அடிக்கப்படுகின்றது. ஆண்டு மட்டும் மாறவில்லை.

அம்மம்மாவின் தகரப் பெட்டியில் அத்தகைய நாணயம் ஒன்று இருந்தது. கப்பலிற் பணிபுரிந்த பூட்டனார் 1950களின் தொடக்கத்தில் ஏடன் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்தது அது. 1990 இல் மட்டக்களப்பில் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தபோது அம்மம்மா சேலைத் தலைப்பில் முடிந்து எடுத்துச் சென்ற மிகச் சில பொருள்களுள் அதுவும் ஒன்று. இருநூறு ஆண்டுப் பழமையுடையது, விலைமதிக்க இயலாதது என்பது குடும்பத்தின் நம்பிக்கை. கொழும்பிற் பழங்காசு வாங்கும் கடையொன்றில் அதனைக் காட்டினேன். கடைக்காரர் தராசில் இட்டார். மூன்றரைப் பவுன் நிறைக்குச் சற்றுக் குறைவாக நின்றது. "தம்பி, இது பிறகு அடிச்சது. வெள்ளி விலைதான் வரும்" என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டார். 'பிறகு அடித்தது' என்ற அச்சொற்களின் பொருளைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

ஒரு நாணயத்திற் பொறிக்கப்பட்ட ஆண்டு கழிந்த பின்னர், அதன் பழைய அச்சைக்கொண்டோ அதே உருவிற் புதிதாக வெட்டிய அச்சைக்கொண்டோ, நாணயச்சாலை ஒன்று அதனை மீண்டும் அடிப்பதையே நாணயவியலார் மீளடிப்பு என்பர். இது போலியன்று. போலி நாணயத்தை அடிப்பவனுக்கு உரிமையில்லை; பெரும்பாலும் வெள்ளியிலும் குறைவு செய்வான். மீளடிப்பில் வெள்ளியும் உண்டு, உரிமையும் உண்டு. இல்லாதது ஆண்டின் உண்மை ஒன்றே. இவ்வொரு குறை பெறுமதியை எவ்வாறு தாக்குகின்றது என்பதற்கு ஒஸ்திரியாவின் மரியா தெரேசா தாலரைப் போல விரிவான சான்று வேறில்லை.

மரியா தெரேசா 1740 முதல் 1780 நவம்பர் 29 வரை ஹப்ஸ்பேர்க் நாடுகளை ஆண்ட அரசி. அவர் பெயரில் 1741 முதலே தாலர்கள் வெளிவந்தன. ஒஸ்திரியாவும் பவேரியாவும் 1753 இற் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஒரு கொலோன் மார்க் தூய வெள்ளியிற் பத்துத் தாலர் அடிப்பதென முடிவாயிற்று. அதன்படி ஒவ்வொரு நாணயமும் 28.07 கிராம் நிறையும், அதில் 23.39 கிராம் தூய வெள்ளியும் கொண்டதாயிற்று; ஆறில் ஐந்து பங்கு வெள்ளி. ஒருபுறம், 1765 இற் கணவரை இழந்தபின் அணிந்த கைம்பெண் முக்காட்டுடன் அரசியின் உருவம். மறுபுறம் இருதலைக் கழுகு. விளிம்பில் 'நீதியும் கருணையும்' என்னும் பொருள் தரும் இலத்தீன் வாசகம். அரசியின் உருவத்தின் கீழே எஸ்.எஃப். என இரண்டு எழுத்துகள் உள்ளன. இவை குன்ஸ்பேர்க் நாணயச்சாலையின் அலுவலர்களான ஷோபல், ஃபாபி ஆகிய இருவர் பெயரின் முதலெழுத்துகள். தம் பெயரெழுத்து இருநூறு ஆண்டு கடந்தும் கோடிக்கணக்கில் அடிக்கப்படும் என்று அவ்விரு அலுவலரும் கனவிலும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

அரசி இறந்தபின் மகன் இரண்டாம் யோசேப்பின் உருவத்துடன் புதிய தாலர் வெளிவந்திருக்கவேண்டும். உள்நாட்டுக்கு அவ்வாறே வெளிவந்தது. ஆனால் வெள்ளியை வாங்கிக் கீழைத்தேயத்துக்கு ஏற்றுமதி செய்த வணிகர்களுக்கு அது உதவவில்லை. செங்கடற் கரையிலும் லெவாந்துத் துறைமுகங்களிலும் மக்கள் அறிந்திருந்தது முக்காடிட்ட அரசியின் முகத்தை மட்டுமே. ஆகவே பழைய உருவில், பழைய ஆண்டுடன், ஏற்றுமதிக்கென மீண்டும் அடிக்கப்பட்டது. குன்ஸ்பேர்க் 1805 இற் பவேரியாவின் வசமாயிற்று. எனினும் வியன்னா, பிராக், கிரெம்னிற்ஸ், கார்ல்ஸ்பேர்க், மிலான், வெனிஸ் முதலிய ஹப்ஸ்பேர்க் நாணயச்சாலைகள் அப்பணியைத் தொடர்ந்தன. 1858 இல் ஒஸ்திரியாவுக்குள் அது சட்டமுறை நாணயமாக இருந்த நிலை முடிவுற்றது. தன் நாட்டிற் செல்லாக் காசாகிய பின்னரே அது பிறநாடுகளிற் பெருவாழ்வு வாழ்ந்தது என்பது விந்தையானது.

எதியோப்பியாவிலும் யேமனிலும் கோப்பிக்கும் தோலுக்கும் விலையாகக் கொடுக்கப்பட்டது இத்தாலரே. வாங்குவோர் அதனைச் சும்மா வாங்கிவிடவில்லை. அரசியின் தோளிலுள்ள ஊசிப்பதக்கத்தின் முத்துகளையும் தலையணியின் முத்துகளையும் எண்ணிப் பார்ப்பர்; மேடுபள்ளம் தேய்ந்து முத்துகள் மறைந்திருப்பின் மறுத்துவிடுவர். நம் சங்க காலத்து வண்ணக்கர் செய்த தொழிலும் இதுவே. காசு நோட்டம் பார்த்தவர் பெயர் வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் போன்ற புலவர் பெயர்களில் எஞ்சி நிற்க, எங்கள் மட்டக்களப்புப் பகுதியில் அச்சொல் இன்று கோயிலை நிருவகிப்பவரைக் குறிக்கின்றது. பிறர் உடைமையைக் காப்பவனை நாணயம் பார்ப்பவனின் பெயரால் அழைத்தமை பொருத்தமானதே.

1867-68 இற் பிரித்தானியர் அபிசீனியாவின் தெவோத்ரோஸ் மன்னர்மீது படையெடுத்தபோது இதன் வலிமை வெளிப்பட்டது. தங்கள் அரசியின் நாணயத்தை அங்கு எவரும் வாங்கமாட்டார்கள் என்பதை உணர்ந்த பிரித்தானிய அரசு, படையினரின் உணவுக்கும் பொதிவிலங்குகளுக்கும் கொடுக்கவேண்டிய பணத்துக்காக ஒஸ்திரியாவிலிருந்து பெருந்தொகையான தாலர்களைப் பெறவேண்டியதாயிற்று. எண்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒருவரின் முகம், அப்போது அரியணையில் இருந்த விக்டோரியாவின் முகத்தைவிட அங்கு மிகுந்த செல்வாக்குடன் இருந்தது. எதியோப்பியப் பேரரசர் இரண்டாம் மெனலிக் 1890களிற் பாரிசில் தம் உருவத்துடன் அடிப்பித்த நாணயமும் தாலரை அகற்றவில்லை. இத்தாலியர் எரித்திரியாவுக்கென அடித்த நாணயமும், தாலரைப் போலவே உருவமைத்து 1918 இல் வெளியிட்ட நாணயமும் அவ்வாறே தோற்றன.

இங்கு ஒன்றை நோக்கவேண்டும். ஆண்டை மாற்றாதிருப்பதாற் காசின் மதிப்பைக் காப்பது ஒஸ்திரியர் மட்டுமே கண்ட வழியன்று. வங்காளத்தில் முகலாய முறைப்படி ரூபாவில் அரசனின் ஆட்சியாண்டு பொறிக்கப்பட்டது. புதிய ஆண்டு பிறந்ததும், பழைய ஆண்டுக் காசுக்குச் சராப்புகள் வட்டம் பிடிப்பார்கள்; நிறை குறையாதிருந்தும் ஆண்டு பழையதென்ற காரணத்தாலேயே ஏழையின் காசு குறைந்துபோகும். இத்தொல்லையை ஒழிக்கவே கிழக்கிந்தியக் கம்பெனி ஷா ஆலமின் பத்தொன்பதாம் ஆட்சியாண்டை ரூபாவில் உறையவைத்து, 1793 இல் அதனைச் சட்டமாகவும் விதித்தது. 1835 இற் புதிய கம்பெனி ரூபா வரும்வரை எவ்வாண்டில் அடித்தாலும் பத்தொன்பது என்றே பொறிக்கப்பட்டது. விக்டோரியாவின் உருவம் கொண்ட 1840 ஆம் ஆண்டு ரூபாவும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதே ஆண்டுடனேயே வெளிவந்தது. இந்திய ரூபா இலங்கையிலும் வழங்கியதாதலால், நம் ஊர்ப் பழம்பெட்டிகளிற் கிடக்கும் 1840 ஆம் ஆண்டு ரூபா மெய்யாகவே 1840 இல் அடிக்கப்பட்டதென்று எவரும் உறுதி கூறவியலாது.

ஆக, சந்தையில் வழங்கும் காசுக்கு ஒருதன்மையே பெறுமதி. ஒன்று மற்றொன்றைப் போல இருத்தல் வேண்டும். ஆயிரமும் ஒன்றேபோல் இருப்பின் எண்ணினாற் போதும், ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டியதில்லை. சேகரிப்போனுக்கு இது நேர்மாறானது. அவனுக்கு வேண்டியது மற்றவற்றைப் போல இல்லாத ஒன்று. தாலரின் வரலாற்றில் இவ்விரு நோக்கும் மோதிய இடந்தான் 1935.

எதியோப்பியாமீது படையெடுக்க ஆயத்தஞ் செய்த முசோலினிக்கு அந்நாட்டிற் செலவிடத் தாலர்கள் தேவைப்பட்டன. 1935 இல் அவர் ஒஸ்திரியாவிடமிருந்து அதனை அடிக்கும் உரிமையை இருபத்தைந்து ஆண்டுக்குப் பெற்றார். அச்சுகள் ரோமுக்குச் சென்றன. இத்தாலியர் பிறநாட்டு வங்கிகளுக்குத் தாலர் கிடைக்காமற் செய்யவே, செங்கடல் வணிகத்திற் பங்குடைய ஏனைய நாடுகள் வாளாவிருக்கவில்லை. பாரிசும் பிரசல்சும் அடிக்கத் தொடங்கின. இலண்டன் அரச நாணயச்சாலை 1936 இல் தானே அச்சு வெட்டி அடித்தது. உத்ரெக்ற், பேர்மிங்ஹம் ஆகியனவும் பின்னர் சேர்ந்தன. கிழக்காபிரிக்காவிற் போர் நடந்த 1940, 1941 ஆம் ஆண்டுகளிற் பம்பாய் நாணயச்சாலையும் அடித்தது. ஒஸ்திரிய அரசியின் உருவத்தை, ஒஸ்திரியாவின் இசைவின்றி, பிரித்தானியரின் தேவைக்காக, இந்தியத் தொழிலாளர் அடித்தனர். இது மீளடிப்பா, போலியா? முன்னர் கூறிய வரைவிலக்கணம் இங்குத் தடுமாறுகின்றது. வெள்ளி சரியாக இருந்தது. அடித்தது அரசின் நாணயச்சாலை. உரிமை மட்டும் ஐயத்துக்குரியது. ஒஸ்திரியாவின் வேண்டுகோளுக்கு இணங்கி அடிப்பதை நிறுத்த ஏனைய நாடுகள் ஒவ்வொன்றாக உடன்பட்டன. பிரித்தானியா இறுதியாக உடன்பட்டது 1962 இல். அதன்பின் வியன்னா ஒன்றே எஞ்சிற்று. 1751 முதல் 2000 வரை அடிக்கப்பட்டவை அனைத்தையுஞ் சேர்த்தால் 38 கோடிக்கு மேல் எனக் கணக்கிடப்பட்டுள்ளது.

இவ்வெண்ணே கடைக்காரரின் விடைக்கு முதற் காரணம். 38 கோடியிற் பெரும்பகுதி உருக்கப்பட்டிருக்கலாம். எஞ்சியவையும் சேகரிப்போர் தொகையைக் காட்டிலும் மிகப் பலவே. ஆதலால் 1780 என்று பொறித்த தாலரைக் கண்டவுடன், வேறொன்று நிறுவப்படும்வரை மீளடிப்பு என்றே வணிகர் கொள்வர். வெள்ளியின் அன்றைய விலையும் சிறிது மேலதிகமுமே தருவர். உண்மையில் அரசி வாழ்ந்த காலத்துத் தாலர் வேண்டுவோர் 1780 ஐ விட்டு, 1760களிலும் 1770களிலும் ஆண்டிட்டு வெளிவந்தவற்றையே நாடுவர். அவ்வாண்டுகள் பின்னர் உறையவைக்கப்படவில்லை, ஆதலின் ஐயமில்லை. மீளடிப்பு விழுங்கியது தன் பெறுமதியை மட்டுமன்று, 1780 இல் மெய்யாகவே அடிக்கப்பட்ட நாணயத்தின் பெறுமதியையும் கூடவே விழுங்கிவிட்டது. தன் பிறப்பைச் சான்றுடன் நிறுவமுடியாத மூலநாணயம், மீளடிப்புகளின் கூட்டத்தில் ஒன்றாகவே விலைபோகின்றது.

எனினும் மீளடிப்பு என்றாலே மலிவு எனக் கொள்வதும் தவறு. இதற்கு மறுதலையான சான்று, விந்தையாக, தாலர் வழங்கிய மஸ்கற் நகரத்தோடு தொடர்புடையது. அமெரிக்க அரசு 1834 இல் எட்மண்ட் ரொபேர்ட்ஸ் என்னும் தூதுவர் வாயிலாக மஸ்கற் சுல்தானுக்கும் சீயம் அரசருக்கும் நாணயத் தொகுதிகளைப் பரிசளிக்க விரும்பியது. வெள்ளி டொலர் அடிப்பது 1804 உடன் நிறுத்தப்பட்டிருந்தமையால், ஏடுகளைப் பார்த்து 1804 என ஆண்டிட்டுப் புதிதாக அச்சு வெட்டினர். உண்மையில் 1804 இல் அடிக்கப்பட்ட டொலர்கள் முந்திய ஆண்டுகளின் அச்சிலேயே வந்தவை; 1804 என்று பொறித்த ஒரு டொலர்கூட அவ்வாண்டில் அடிக்கப்படவில்லை. ஏறத்தாழக் கால் நூற்றாண்டின் பின் நாணயச்சாலைப் பணியாளர் சிலர் இரகசியமாக மேலும் சிலவற்றை அடித்து விற்றனர். அவற்றுள் ஒன்று சுவிற்சர்லாந்தின் 1857 ஆம் ஆண்டு நாணயமொன்றின்மேலேயே அடிக்கப்பட்டது. எல்லாமாக 1999 அளவில் அறியப்பட்டிருந்தவை பதினைந்தே. மஸ்கற் சுல்தானுக்குச் சென்றதாகக் கூறப்படும் நாணயம் 1999 இல் 41 இலட்சத்து 40 ஆயிரம் டொலருக்கு ஏலம் போயிற்று. பொய்யான ஆண்டு என்பது அனைவருக்குந் தெரியும். ஆயினும் அப்பொய்யின் கதை முழுவதும் தெரிந்திருப்பதும், நாணயங்கள் மிகச் சிலவாக மட்டும் இருப்பதும் அதற்கு விலையைத் தந்தன.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு நிலையும் உண்டு. கல்கத்தா, பம்பாய் நாணயச்சாலைகள் தங்களிடமிருந்த பழைய அச்சுகளைக்கொண்டு, கேட்ட சேகரிப்போருக்கென 1970 வரை பழைய நாணயங்களை அடித்துக் கொடுத்தன. அச்சு நெடுங்காலம் கிடந்து துருவேறியிருப்பின் நாணயத்தின் வெறுமையான பரப்பிற் சிறு பொட்டுகள் மேலெழும். துருவை நீக்கத் தேய்த்திருப்பின் நுண்கோடுகள் மறைந்துபோகும். இவற்றைக் கண்டறிந்தே மூலத்தையும் மீளடிப்பையும் பிரிப்பர். எண்ணிக்கையிற் சிலவேயாயினும் இவை மூலத்தின் விலையை எட்டுவதில்லை. காரணம் வெளிப்படை: இவை சந்தைக்குச் சென்றவையல்ல, எவரும் இவற்றைக் கொடுத்து எதனையும் வாங்கவில்லை, சேகரிப்பவனுக்கென்றே பிறந்தவை.

தாலரின் விடயத்தில் எனக்கு மனநிறைவின்மை உண்டாவது இவ்விடத்திலேதான். மீளடிப்பு என்ற ஒரே பெயரால் நாம் இரு வேறு பொருள்களை அழைக்கின்றோம். இன்று வியன்னாவிற் கண்ணாடிபோல் மெருகேற்றிப் பெட்டியிலிட்டு விற்கப்படும் தாலர் நினைவுப்பொருள். அபிசீனியாவிற் கழுதைக்கும் தானியத்துக்கும் விலையாகக் கைமாறிய 1867 ஆம் ஆண்டுத் தாலரோ பணம். தன் காலத்துப் பணம். அதன் ஆண்டு பொய்யேயன்றி அதன் வாழ்வு பொய்யன்று. ஆயினும் சந்தை இரண்டையும் வெள்ளிக் கணக்கிலேயே நிறுக்கின்றது. கைமாறித் தேய்ந்த நாணயம் நிறை குறைந்திருப்பதால், நேற்று அடித்ததைவிடக் குறைந்த விலைக்கும் போகின்றது. தேய்வு என்பது வரலாற்று மாணவனுக்குச் சான்று. தராசுக்கு அது நட்டம்.

அண்மைக் காலத்தில் இந்நிலை ஓரளவு மாறிவருகின்றது. லெய்போல்ட், ஹாஃப்னர் முதலிய ஆய்வாளர் ஆயிரக்கணக்கான தாலர்களை ஒப்பிட்டு, எந்த நாணயச்சாலை எவ்வச்சைப் பயன்படுத்தியது என்பதைப் பட்டியலிட்டுள்ளனர். கழுகின் வாலிறகு எத்தனை, அவை எவ்வாறு விரிகின்றன, ஊசிப்பதக்கத்தின் முத்துகள் எவ்வடிவின, எழுத்துகளிடையே புள்ளிகள் எங்கே நிற்கின்றன, ஆண்டை அடுத்துள்ள பெருக்கற்குறி எவ்வாறு அமைந்தது, விளிம்பின் பூவேலை எத்தகையது என்பனவே அடையாளங்கள். முன்னர் ஒருதன்மையால் வாழ்ந்த நாணயத்தில், நுண்ணிய வேறுபாடுகளைத் தேடுவோர் தோன்றினர். அதன் விளைவாகக் குறைவாக அடித்த சில நாணயச்சாலைகளின் தாலர்கள் வெள்ளி விலையைக் கடந்து, தனித்த விலை பெறத் தொடங்கியுள்ளன. செங்கடற் கரையின் வணிகன் முத்துகளை எண்ணியது எல்லாம் ஒன்றே என்று உறுதிகொள்ள. சேகரிப்போன் அதே முத்துகளை எண்ணுவது அவை ஒன்றல்ல என்று காண்பதற்கு.

விடுமுறையில் வீட்டுக்குச் சென்றபோது உருப்பெருக்கிக் கண்ணாடியொன்றை இரவல் பெற்றுச் சென்றேன். ஏடன் அப்போது பிரித்தானியர் ஆட்சியில் இருந்தமையால், அங்கு 1950களிற் கைமாறிய தாலர் இலண்டனில் அடித்ததாக இருத்தல் கூடும் என்பது என் ஊகம்; பம்பாயும் விலக்கத்தக்கதன்று. வாலிறகுகள் இலண்டனுக்குரிய விளக்கத்தோடு பொருந்தின. புள்ளிகளும் பொருந்தின. ஊசிப்பதக்கத்தைப் பார்க்க முயன்றேன். முத்துகள் இருந்த இடம் மழுமழுவென்றிருந்தது. என்ன தேடுகின்றாய் என்று அம்மம்மா கேட்டார். சொன்னேன். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் இரவில் உறக்கம் வராதபோதெல்லாம் முடிச்சுக்குள் அதனை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்ததாகக் கூறி, நாணயத்தை வாங்கித் துணியிற் சுற்றிப் பெட்டியில் வைத்தார்.